ரேடியம் கலக்காத சந்தனம்

புதுக்கோட்டையில் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கடையை யாரும் ஸ்டிக்கர் கடை என்று சொல்வதில்லை. ரேடியம் கடை என்றுதான் சொல்வார்கள். லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்புப் பட்டை ரேடியம். நம்பர் பிளேட்டில் ஒட்டுகிற எழுத்து ரேடியம். முன் கண்ணாடியில் ஒட்டுகிற 'குலசாமி துணை'யும் ரேடியம்தான். சந்தனம் இந்தத் தொழிலுக்கு வரும்போதே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. அவர் வைத்ததல்ல. 'சந்தனம் ரேடியம் ஒர்க்ஸ்' என்று ஒரு போர்டு மாட்டினார், அவ்வளவுதான்.

சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. பத்தாவது அறிவியல் பரீட்சை அன்று அவருக்கு அம்மை போட்டிருந்தது. மறுபடி எழுது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை. நிலத்தைப் பார்க்க இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். சந்தனம் திருச்சிக்குப் போய் ஒரு கடையில் எழுத்து வெட்டப் பழகினார். அப்போது கட்டிங் மெஷின் கிடையாது, பிளேடுதான். கடைக்காரர் முதலில் 'ழ' வெட்டச் சொன்னார். சந்தனத்துக்கு 'ழ' வரவில்லை, 'ஸ்ரீ' வந்தது. லாரிக்காரர்களுக்கு 'ஸ்ரீ'தான் அதிகம் தேவைப்பட்டதால் அவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு புதுக்கோட்டையில் சொந்தக் கடை, பொன்னுத்தாயோடு கல்யாணம், ஒரு மகள். மகள் இலக்கியா இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மெஷின் வெட்டிய எழுத்துகளைச் சுற்றியிருக்கும் வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும் வேலையைப் பொன்னுத்தாய் வீட்டில் உட்கார்ந்து செய்வாள். பின்பக்கத் தாள் பிரியாமல் அடம்பிடித்தால் மூலையைப் பல்லால் கடித்துப் பிரித்துவிடுவாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

சந்தனத்தின் உண்மையான திறமை எழுத்தில் இல்லை. ஸ்டிக்கர் ரோலில் துளி இடம் வீணாகாமல் வெட்டுவதில் இருந்தது. 'ம'வின் வயிற்றுக்குள் இருக்கும் காலி இடத்தில் ஒரு சின்ன 'ப' வெட்டி எடுத்துவிடுவார். காலியிடம் அவர் கண்ணை உறுத்தும். பந்தியில் இரண்டு இலைக்கு நடுவே இடைவெளி இருந்தால்கூட, "கொஞ்சம் நகந்து ஒக்காருங்க" என்று அறிமுகமில்லாதவர்களிடம் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஸ்வீட்டி டீச்சர் தனிம வரிசை அட்டவணை செய்யக் கொடுத்தார்.

ஸ்வீட்டி டீச்சர் ஆவூர்க்காரர். டவுனில் ஒரு பள்ளியில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் வேதியியல் எடுக்கிறார். சந்தனத்தைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அவருடைய ஸ்கூட்டரில் இருக்கும் 'மாதாவே துணை' சந்தனம் ஒட்டியது.

"லேப் வராண்டாவுல அட்டவணைய பெயிண்ட்ல எழுதி வச்சிருந்தாங்கண்ணே. ஓதம் ஏறி இரும்பு, கோபால்ட்டு, நிக்கல் மூணும் உதுந்துபோச்சு. பசங்க அந்த எடத்துல பேரு எழுதி வச்சிருக்காங்க. நீங்க சன்போர்டுப் பலகையில ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துட்டா சுவத்துல மாட்டிருவோம்."

பாடப்புத்தகப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கொடுத்தார். சந்தனம் அதை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"என்ன டீச்சர், இங்கிட்டு ஒரு தூணு, அங்கிட்டு ஒரு செவரு, நடுவுல பள்ளமாக் கெடக்கு?"

"அது அப்படித்தாண்ணே."

"கீழ ரெண்டு வரிசை கழண்டு விழுந்து கெடக்கே?"

"அதுவும் அப்படித்தான். மொத்தம் நூத்திப் பதினெட்டு. ஒண்ணும் விட்டுறாதீங்க." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருத்த வேண்டிய பேப்பர் கட்டு காலடியில் இருந்தது.

'அப்படித்தான்' என்பது சந்தனத்துக்கு ஒரு பதிலாகப் படவில்லை. அச்சடித்தவன் அலட்சியமாக அடித்துவிட்டான், அரசாங்கப் புத்தகம் என்பதால் டீச்சர் குறை சொல்லத் தயங்குகிறார் என்று முடிவு செய்தார். தன்னால் முடிந்த உதவியைச் செய்வது என்றும் முடிவு செய்தார்.

வரிசைக்குப் பத்தாக அடுக்கினார். பதினோரு வரிசை முழுதாக வந்தது. பன்னிரண்டாவது வரிசையில் எட்டு. மிச்சமிருந்த இரண்டு கட்டத்தில் ஒன்றில் பள்ளிச் சின்னத்தையும், மற்றதில் தன் கடைப் பெயரையும் செல் நம்பரையும் வைத்தார். சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வரும்படி நிறம் கொடுத்தார். தூணும் பள்ளமும் எல்லாம் போய், பலகை பாய் விரித்தாற்போல் இருந்தது. ஷீட்டும் மிச்சமானது.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியபோது தலைமையாசிரியர்தான் முதலில் பார்த்தார். "ரொம்ப நீட்டா இருக்கே" என்றார். அவர் வரலாற்று ஆசிரியர்.

ஸ்வீட்டி டீச்சர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

"அண்ணே, நம்பர் எல்லாம் சரியா இருக்கு. ஸ்பெல்லிங் சரியா இருக்கு. ஒரு தப்பு இல்ல."

"சந்தோசங்க டீச்சர்."

"ஆனா அட்டவணையக் காணோம்."

சந்தனத்துக்குப் புரியவில்லை. "ஒண்ணும் விடலையே டீச்சர்."

"விடல. விடவேண்டிய எடத்தையெல்லாம் சேத்துட்டீங்க. வாங்க, உள்ள வாங்க."

லேபுக்குள் கூட்டிப்போய், மண்ணெண்ணெயில் முங்கிக் கிடந்த ஒரு கட்டியை இடுக்கியால் எடுத்து, மிளகளவு நறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது சீறிக்கொண்டு தண்ணீர் மேல் அங்குமிங்கும் ஓடித் தீர்ந்துபோனது. சந்தனம் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இது சோடியம். புத்தகத்துல இதுக்கு நேர் மேல லித்தியம், நேர் கீழ பொட்டாசியம். லித்தியமும் இதையேதான் பண்ணும், கொஞ்சம் பதவிசா. பொட்டாசியம் தீப்புடிச்சே எரியும். ஒரே பத்தியில இருக்கிறவங்களுக்கு ஒரே கொணம். இப்ப ஒங்க பலகையில பொட்டாசியத்துக்கு நேர் கீழ யாரு?"

சந்தனம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "செம்பு."

"செம்பத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? கொடமே அதுலதான பண்ணுறோம்."

"அதாண்ணே."

சந்தனம் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பலகையை நான்கு நாள் உழைத்துச் செய்து, அது முழுக்கச் சரியாகவும் முழுக்கத் தப்பாகவும் இருப்பது அவருக்கு அதற்கு முன் நடந்ததில்லை. கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது.

"அப்ப அகர வரிசையில போட்டுருக்கலாம். பசங்களுக்குத் தேட வசதி."

ஸ்வீட்டி டீச்சர் சிரிக்கவில்லை. "லண்டன்ல ஒருத்தர் இதையே கேட்டிருக்காருண்ணே. நியூலண்ட்ஸ்னு ஒருத்தர், எடை வாரியா வரிசை போட்டா எட்டாவது எட்டாவது ஆளு ஒரே மாதிரி இருக்குன்னு சபையில சொன்னாரு. எந்திரிச்ச ஒரு பெரியவரு, ஏன்யா, அகர வரிசையில போட்டுப் பாத்தியான்னு கேலி பண்ணிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பிற்பாடு அதைவிடப் பெரிய சபையே அவருக்கு மெடல் குடுக்கவேண்டியதாப் போச்சு."

"எட்டாவது எட்டாவதுன்னா, வரிசைக்கு எட்டுன்னு போட்டா சரியாயிருமா?"

"அங்கதான் அவரு மாட்டுனாரு. முன்னாடி கொஞ்ச தூரம் சரியா வரும், அப்புறம் ஒதைக்கும். ரஷ்யாவுல மெண்டலீவ்னு ஒருத்தர் வந்தாரு. அப்பத் தெரிஞ்சது அறுபத்திச் சொச்சம் தனிமம்தான். ஒவ்வொண்ணையும் சீட்டு மாதிரி அட்டையில எழுதி அடுக்கிப் பாத்தாருன்னு சொல்லுவாங்க. எடை வாரியா அடுக்கிட்டே வரும்போது அலுமினியத்துக்குக் கீழ வரவேண்டிய ஆளு வேற கொணமா இருந்துச்சு. நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"நகத்தி வச்சிருவேன்."

"அவரு நகத்தல. அந்த எடத்தக் காலியா விட்டாரு. இங்க ஒரு ஆளு வரணும், இன்னும் யாரும் பாக்கல, வரும்போது இன்ன எடை இருக்கும், இப்படி இருக்கும்னு எழுதியும் வச்சாரு."

சந்தனம் நிமிர்ந்தார். "பந்திக்கு வராத ஆளுக்கு எலை போட்டு வச்சாராக்கும்?"

"ஆமாண்ணே."

"வந்தாகளா?"

"ஆறு வருசத்துல வந்துட்டாங்க. பிரான்ஸ்ல ஒருத்தர் கண்டுபுடிச்சாரு. காலியம்னு பேரு. அது எவ்வளவு கனம்னு அவரு அளந்து சொன்னதுக்கு, ரஷ்யாவுல இருந்து இவரு, அது தப்பு, திரும்ப அளங்கன்னு எழுதுனாரு. அளந்தாரு. இவரு சொன்னதுதான் சரி."

"கையில வச்சிருக்கிறவருக்குத் தெரியாதது, கண்ணால பாக்காதவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"எடம் தெரிஞ்சா ஆளத் தெரியும்ணே. உள்ளங்கையில வச்சா உருகிரும் அந்த உலோகம். நம்ம ஊரு சித்திரையில அலமாரியில வச்சாலே தண்ணியாத்தான் கெடக்கும்."

அதன் பிறகு சந்தனம் தானாகவே கேட்கத் தொடங்கினார். எடைவாரியாக அடுக்கியது எல்லா இடத்திலும் சரியாக வந்ததா? வரவில்லை என்றார் டீச்சர். அயோடினைவிட டெல்லூரியம் எடை கூட. எடைப்படி வைத்தால் அயோடின் தன் ஆட்களை விட்டு வேறு பத்திக்குப் போய்விடும். மெண்டலீவ் எடையைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்து இடம் மாற்றி வைத்தார். அவர் செய்தது ஏன் சரி என்று பல வருடம் கழித்து மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ்ரே வைத்துக் கண்டுபிடித்தார். வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. கட்டத்தின் மூலையில் சந்தனம் ஒட்டிய நம்பர் அதுதான். மோஸ்லி முதல் உலகப் போரில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

"எத்தன வயசு?"

"இருபத்தேழு."

சந்தனம் ஸ்டூலை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒரே பத்தியில இருக்கிறவகளுக்கு ஏன் ஒரே கொணம்?" என்று கேட்டார்.

"நடுவச் சுத்தி எலக்ட்ரான் சுத்துச் சுத்தா நிக்குது. உள்சுத்து நெறஞ்சதும் அடுத்த சுத்து. கடைசிச் சுத்துல எத்தன பேரு நிக்கிறாங்களோ அதுதான் கொணம். முதல் பத்தியில எல்லாருக்கும் கடைசியில ஒருத்தர். எப்படா தள்ளிவிடுவோம்னு இருப்பாங்க, அதான் அந்த ஆட்டம். வலது ஓரத்துப் பத்தியில கடைசிச் சுத்து நெறஞ்சு இருக்கும். யாரோடயும் சேர மாட்டாங்க. நியான், ஆர்கான் எல்லாம் அங்கதான்."

"நியானத் தெரியும். நியான் லைட்டு வந்தப்ப எனக்குப் போர்டு வேல கொறஞ்சுபோச்சு" என்றார் சந்தனம்.

"முதல் சுத்துல ரெண்டு பேருக்குத்தான் எடம். அதான் மேல் வரிசையில ரெண்டே கட்டம், நடுவுல பள்ளம். அடுத்தது எட்டு, எட்டு, பதினெட்டு, பதினெட்டு, முப்பத்திரெண்டு, முப்பத்திரெண்டு."

"கீழ கழண்டு கெடக்கிறது?"

"கழண்டு கெடக்கல. ஆறாவது ஏழாவது வரிசைக்குள்ள இருக்கவேண்டியவங்க. உள்ள வச்சா பலகை ரொம்ப நீளமாயிரும், புத்தகத்துல அடங்காது. அதனால கீழ எறக்கி வச்சிருக்கு."

சந்தனத்துக்கு அது நன்றாகப் புரிந்தது. பெயர் நீளமானவர்களின் நம்பர் பிளேட்டில் அவரும் அதைத்தான் செய்வார்.

பலகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். புதிய பலகையில் பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு ஒட்டினார். ஹைட்ரஜனை ஒரு ஓரத்திலும் ஹீலியத்தை மறு ஓரத்திலும் வைத்துவிட்டு நடுவில் பதினாறு கட்டத்தைச் சும்மா விட்டபோது கை வரவில்லை. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அதைக் காலியாகவே விட்டார். கடைசி வரிசைக்குக் கீழே ஒரு பட்டை அளவுக்கு வெறும் பலகையும் விட்டார். பிறகு தலைமையாசிரியர் அதைக் காட்டி, வேலை பாக்கி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "நூத்திப் பத்தொம்பது இன்னும் வரலைங்க சார்" என்று பதில் சொன்னார்.

ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது.

இடமிருந்து இரண்டாவது பத்தியை ஒட்டிக்கொண்டிருந்தார். பெரிலியம், மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். அதற்குக் கீழே எண்பத்தெட்டு, ரேடியம். முதல் பலகையிலும் இதே எழுத்துகளை ஒட்டியிருக்கிறார். அப்போது எண்பத்தெட்டு என்பது எண்பத்தேழுக்கு அடுத்தது, அவ்வளவே. இப்போது அது ஒரு பத்தியில், சில பேருக்குக் கீழே இருந்தது. ஒரே பத்தியில் இருப்பவர்களுக்கு ஒரே குணம். சந்தனம் டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், ரேடியம் கால்சியத்துக்குக் கீழதான வருது?"

"ஆமாண்ணே, சரியாத்தான் வச்சிருக்கீங்க."

"அது என்ன பண்ணும்?"

டீச்சர் வகுப்புக்குப் போகிற அவசரத்தில் சொன்னார். ரேடியம் உலோகம். கதிர்வீச்சு உள்ளது. அதைக் கலந்த பெயிண்ட் இருட்டில் தானாக ஒளிரும். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கடிகார முள்ளுக்கும் எண்ணுக்கும் அந்தப் பெயிண்ட்டைப் பெண்களை வைத்துப் பூசினார்கள். தூரிகை நுனியைக் கூராக்க அவர்கள் உதட்டில் வைத்து உருட்டுவார்கள்.

"கால்சியம் பத்தியில இருக்குல்ல, அதனால எலும்பு அதைக் கால்சியம்னு நெனச்சு உள்ள விட்டுரும்ணே. தாடையெலும்பெல்லாம் அழுகி, பல்லு விழுந்து, பாவம், நெறையப் பேரு செத்துப்போனாங்க. பெல் அடிச்சிருச்சு, வச்சிறவா?"

சந்தனம் போனை வைத்தார். எதிரே அவருடைய கடைச் சுவரில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று ரோல்கள் வரிசையாக நின்றன. பொன்னுத்தாய்க்குப் பத்து நாளாகக் கடைவாய்ப் பல் வலி.

அன்று வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கேட்காமல் அவர் வாங்கிவந்த முதல் பலகாரம் அது. பல் வலிக்காரி அதைச் சாப்பிட முடியாமல் டப்பாவில் போட்டு வைத்தாள். வீட்டிலிருந்த ஸ்டிக்கர்களை எல்லாம் சாக்கில் கட்டிக் கடைக்கு எடுத்துப்போனார்.

"ஏங்க, பாதி உரிச்சு வச்சிருந்தேன். எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"இனிமே நீ தொட வேணாம்."

"நான் உரிக்கிறது நல்லா இல்லையாக்கும்?"

"நல்லா இருக்கு. தொடாத."

"இத்தன வருசமாத் தொட்டத இன்னைக்கித் தொடாதேன்னா என்ன அர்த்தம்? ஆளு வச்சுட்டீகளா?"

அவர் பதில் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்றிருந்தது. பொன்னுத்தாய் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

கடையிலும் நிம்மதி இல்லை. தெருவில் போகிற லாரியெல்லாம் அவர் ஒட்டியதாகத் தெரிந்தது. அதைவிட, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் பையில் ஒவ்வொரு வருடமும் இலவசமாகப் பட்டை ஒட்டிவிடுவார். வண்டிக்காரன் கண்ணில் படட்டும் என்ற புண்ணியத்துக்கு. அத்தனை பேர் முதுகிலும் நாம்தான் ஒட்டி அனுப்பினோம் என்ற நினைப்பு வந்ததும் சோறு இறங்கவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடை முனியசாமி, "என்னண்ணே, கையுறை போட்டுக்கிட்டு ஒட்டுறீங்க?" என்று கேட்டார். சந்தனம், கை வியர்க்கிறது என்றார்.

பல் டாக்டரிடம் பொன்னுத்தாயைக் கூட்டிப்போனார். இளவயது டாக்டரம்மா. பார்த்துவிட்டு, "சொத்தை. எடுத்துறலாம்மா" என்றார்.

"தாடையெலும்பு எப்படி இருக்குங்க டாக்டர்?" என்றார் சந்தனம்.

"எலும்புக்கு என்னங்க?"

"உள்ள ஏதும் மினுமினுன்னு தெரியுதுங்களா?"

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், பிறகு பொன்னுத்தாயைப் பார்த்தார். "வேணும்னா ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்."

"அதுக்கு மேல எக்ஸ்ரே கதிருமா?" என்றார் சந்தனம். அவர் குரலில் இருந்த துக்கம் டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. பல்லை எடுத்தார்கள். சந்தனம் அந்தப் பல்லைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பொன்னுத்தாய் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினாள். வாயில் பஞ்சு இருந்ததால் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

அட்டவணையை மாட்டி முடித்த அன்று, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சந்தனம் ஒரு ரோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்வீட்டி டீச்சர் முன்னால் போய் நின்றார். கடை, வீடு, பல், பழனி எல்லாவற்றையும் சொன்னார். சட்டைப்பையிலிருந்து பல்லையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டீச்சர் பல்லைத் திரும்பக் காகிதத்தில் மடித்து அவரிடமே கொடுத்தார். பிறகு, "வாங்கண்ணே" என்று இயற்பியல் லேபுக்குப் பின்னால் இருந்த இருட்டறைக்குக் கூட்டிப்போனார். நண்பகல் வெயிலில் இருந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் கண் தெரியவில்லை.

"ரோலப் பிரிங்கண்ணே."

"பிரிச்சுட்டேன்."

"ஒளிருதா?"

"ஒண்ணுமே தெரியலையே."

"பல்லு?"

"அதுவும் தெரியல."

டீச்சர் செல்போன் டார்ச்சைச் சந்தனத்தின் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரோல்மேல் அடித்தார். ரோல் பளீரென்று சிவந்தது. பல், பல்லாக இருந்தது.

"ரேடியம் பெயிண்ட்டுன்னா வெளிச்சம் இல்லாமலே தானா ஒளிரணும். இது வாங்குன வெளிச்சத்த வந்த வழியே திருப்பிக் குடுக்குது, அவ்வளவுதான். உள்ள இருக்கிறது பொடிப்பொடிக் கண்ணாடி மணி. இல்லன்னா கண்ணாடி மாதிரி வேல செய்யிற பிளாஸ்டிக். ஒரு துளி ரேடியம் கெடையாது. ரேடியம் கெடைக்கிறதுன்னா ஒங்களுக்கும் எனக்கும் கெடைக்காதுண்ணே."

சந்தனம் இருட்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அப்ப இத்தன வருசமா நான் என்னத்த வித்தேன்?"

"கண்ணாடி மணி."

அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். பொன்னுத்தாயிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவள் அரிசியைப் புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் சாகப்போறேன்னு நெனச்சுத்தான் அன்னைக்கி அல்வா வாங்கியாந்தீகளா?"

"ஆமா."

"சாகப்போறவளுக்குக் கால் கிலோ அல்வாதானா?"

மறுநாள் சாக்கை அவளே போய்க் கடையிலிருந்து எடுத்துவந்தாள். ஆனால் தாளைப் பல்லால் கடிப்பதை விட்டுவிட்டாள். கேட்டால், அந்தப் பக்கம்தான் பல் இல்லையே என்பாள்.

சந்தனத்துக்குப் பயம் போய்விட்டது, உறுத்தல் போகவில்லை. இல்லாத சரக்கின் பெயரில் கடை நடத்துவது சரியில்லை என்று தோன்றியது. போர்டை மாற்றினார். 'சந்தனம் ஸ்டிக்கர் ஒர்க்ஸ்'. யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது என்று கீழே 'இங்கு ரேடியம் கிடையாது' என்றும் எழுதினார்.

வந்த லாரிக்காரர்கள் போர்டைப் படித்துவிட்டு, "ரேடியம் எங்கண்ணே கெடைக்கும்?" என்று அவரிடமே கேட்டார்கள். அவர் விளக்கத் தொடங்குவார். அவர்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் உடையப்பன் கடைக்குப் போய்விடுவார்கள். உடையப்பன் நல்ல மனிதர். ஒரு மாதம் கழித்துச் சந்தனத்துக்கு என்ன உடம்புக்கு என்று விசாரிக்க அவரே வந்தார்.

சந்தனம் ஸ்வீட்டி டீச்சரிடம் போய் யோசனை கேட்டார்.

"ஒங்க வீட்டுல அலுமினியச் சட்டிய என்னன்னு சொல்லுவாங்கண்ணே?"

"ஈயச் சட்டி."

"பித்தளப் பாத்திரத்துக்கு உள்ள என்ன பூசுவாங்க?"

"ஈயம்."

"அது ரெண்டுமே ஈயம் இல்ல. சட்டி அலுமினியம், பதிமூணு. பூசுறது வெள்ளீயம், அம்பது. நெசமான காரீயம் எண்பத்திரெண்டு, அதப் பூசுனா ரசம் வெசமாயிரும். பென்சில்ல லெட்டுங்கிறோம், இங்கிலீசுல லெட்டுன்னா காரீயம், ஆனா உள்ள இருக்கிறது கார்பன். ஊரு ஒரு கணக்குல கூப்புடுது, அட்டவணை ஒரு கணக்குல கூப்புடுது. ஊருப் பேர மாத்த முடியுமாண்ணே?"

"அப்ப பொய்யையே எழுதச் சொல்றீகளா?"

"பொய் எழுதாதீங்க. ரெண்டையும் எழுதுங்க."

அவர் இரண்டையும் எழுதினார். 'சந்தனம் ரேடியம் ஒர்க்ஸ். ரேடியம் கலக்காதது.'

இதன் விளைவை டீச்சரும் எதிர்பார்க்கவில்லை. கலக்காதது என்று ஒருவர் எழுதினால் மற்றவர் கலக்கிறார் என்று அர்த்தமாகிவிடுகிறது. வண்டிக்காரர்கள் உடையப்பனிடம் போய், நீங்கள் கலக்குகிறீர்களா என்று கேட்டார்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் அவர், கொஞ்சமாக என்று சொல்லிவிட்டார். கூட்டம் சந்தனம் கடைக்கு வந்தது. இரண்டு வாரத்தில் உடையப்பனும் 'கலக்காதது' என்று எழுதினார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர் 'நூறு சதவீதம் கலக்காதது' என்று எழுதினார். இன்று புதுக்கோட்டை டவுனுக்குள் ரேடியம் கலந்து விற்கிற கடை ஒன்றுகூட இல்லை.

அட்டவணை வேலையும் தொடர்ந்து வருகிறது. ஆவூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு மட்டும் மூன்று செய்து கொடுத்திருக்கிறார். ஒரு பள்ளியில் சுவர் பலகையைவிட நீளம், கீழிரண்டு வரிசையையும் உள்ளே சேர்த்து ஒரே நீட்டமாக வைத்துவிட்டார். பாடப்புத்தகத்தில் இப்படி இல்லையே என்று கேட்டதற்கு, புத்தகம் சின்னது என்றார்.

போன வாரம் நாமக்கல் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, போர்டை நிதானமாகப் படித்தார்.

"கலக்கலைன்னா எப்படிண்ணே மின்னும்?"

"உள்ள கண்ணாடி மணி இருக்கு தம்பி. பின்னாடி வாரவன் லைட்டு அதுல பட்டு, வந்த வழியே அவன் கண்ணுக்கே..."

"அறந்தாங்கியில லோடு எறக்கணும்ணே. நல்லதா ரெண்டு பட்டை ஒட்டிவிடுங்க."

சந்தனம் துணியால் லாரியின் பின்பலகையைத் துடைத்தார். கடைக்கு வந்திருந்த பொன்னுத்தாய் உரித்துக் கொடுத்தாள். ஒட்டினார்.